மாத்திரை திரையில் எடுபடாது

வண்டிப்பெரியாறு
9 ஜூன் 2025

யோகப்பிரியா,

‘அன்புள்ள’ என்று எழுதி அடித்துவிட்டேன். மேலே தெரியும் மை அதுதான்.

போனில் உன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். போன வருடம் சித்திரையில் அழுதுகொண்டே உனக்கு ஒரு குரல்செய்தி அனுப்பினேனே, “ஓடுற மாதிரி கனவுகூட எனக்கு வாறதில்லடி” என்று, அதை நேற்று உன் கதை என்று எடுக்கும் படத்தின் டிரெய்லரில் ஒரு நடிகை மலையாளத்தில் சொல்கிறாள். மழையில் நனைந்துகொண்டு சொல்கிறாள். நான் சமையல்கட்டில் நின்று சொன்னேன். பின்னால் குக்கர் விசில் அடித்திருக்கும். அதை மட்டும் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. ஆகவே இனிமேல் உனக்குக் கடிதம்தான், அதுவும் தமிழில். உன் இயக்குநருக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது என்று நீதான் ஒருமுறை பெருமையாகச் சொன்னாய்.

டிரெய்லரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தேயிலைக் கூடையோடு ஒரு பெண். முகத்தில் கரியைப் பூசிக் கறுப்பாக்கியிருக்கிறார்கள். அப்புறம் ஒரு மைதானத்துக் கழிப்பறை, முழங்கை மடிப்பில் ஊசி. அடுத்து நாலு பெண்கள் கழுத்திலிருந்து பதக்கத்தைக் கழற்றுகிறார்கள். பெயரை மல்லிகா என்று மாற்றிவிட்டார்களாம். இந்த மலையிலிருந்து போய்க் கேரள அணியில் நானூறு மீட்டர் தொடர் ஓட்டம் ஓடி, தங்கம் வாங்கி, மருந்துப் பரிசோதனையில் மாட்டி, தடை வாங்கி வந்த எஸ்டேட் பெண் எத்தனை பேர் இருக்கிறார்கள்? இங்கே லயத்து வீட்டுக் குழந்தைகூட என்னைப் பார்த்து மல்லிகா அக்கா என்கிறது.

அதுகூடப் போகட்டும். என் மகள் சோனா ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். அவளும் நானூறுதான். தடை விஷயம் அவளுக்குத் தெரியாது. அம்மா காலில் அடிபட்டு ஓட்டத்தை விட்டாள் என்றுதான் வளர்த்திருக்கிறேன். நேற்று ஹாஸ்டலில் எல்லாரும் கூடி டிரெய்லரைப் பார்த்திருக்கிறார்கள். எனக்குக் கூப்பிட்டாள். “ஏம்மா, நீ ஊசி போட்டுத்தான் ஓடுனியாமே, நெசமா?” என்றாள். இந்த மலையில் சிக்னல் போவது சகஜம். போனது போலவே போனை வைத்துவிட்டேன்.

நான் ஊசி போடவில்லை என்பது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், உன் அம்மாவுக்குத் தெரியும். படம் ஓணத்துக்குத்தானே வருகிறது? அதற்குள் அந்த ஊசியை எடுக்கச் சொல். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

முத்துப்பேச்சி


எலப்புள்ளி
17 ஜூன் 2025

அன்புள்ள முத்து,

நீ அடித்ததை நான் எழுதிவிடுகிறேன்.

உன் குரல்செய்தியை நான் வேண்டுமென்று போட்டுக் காட்டவில்லை. படக்காரர்கள் பேச்சுவாக்கில் உன்னைப் பற்றிக் கேட்டார்கள், போட்டேன். அதைக் கேட்டு இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வரியை எழுதிக்கொள்வார் என்று எனக்குத் தெரியாது. நம்புகிறாயோ இல்லையோ, படப்பிடிப்பில் அந்த நடிகை அதைச் சொல்லும்போது நானும் அழுதேன்.

உன்னைத் தேடியும் அவர்கள் வந்தார்கள் என்பதை நீ மறந்துவிட்டாய். உன் வீட்டுக்காரர் பாண்டித்துரை அவர்களைத் தேக்கடி பார்க்க வந்தவர்கள் என்று நினைத்து ஜீப்பில் ஏற்றி, விஷயம் தெரிந்ததும் பாதி வழியில் இறக்கிவிட்டுப் போய்விட்டாராம். நீ பேசாத இடத்தில் அவர்கள் எதையாவது எழுதத்தானே செய்வார்கள்?

மாத்திரை விஷயத்தை நான் மறைக்கவில்லை. இயக்குநரிடம் சொன்னேன். கோயில் நோம்பித் திருவிழாவுக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போடப் பெண்கள் சாப்பிடும் மாத்திரை, அது உடம்பில் கரையும்போது ஊசி மருந்தின் சாயலை விடும் என்று டாக்டர் பிறகு சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். கவனமாகக் கேட்டார். நல்ல விஷயம், ஆனால் மாத்திரை திரையில் எடுபடாது என்றார். குடும்பத்தோடு வருகிறவர்கள் நெளிவார்கள், பார்க்கிறவனுக்கு ஒரு குற்றம் வேண்டும், மாத்திரையில் குற்றவாளி யாரும் இல்லையே என்றார். ஊசி என்றால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். அவர் சொன்னதில் எனக்கும் பாதி சரியென்று பட்டது. படம் எடுக்கிறவருக்குத்தானே அது தெரியும்.

என் பக்கத்தையும் கொஞ்சம் பார். அந்தப் பதக்கத்தை நானும்தான் தபாலில் திருப்பி அனுப்பினேன். ரயில்வேயில் கூப்பிட்டிருந்தார்கள், அதுவும் போனது. இன்றைக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் ஒப்பந்தக் கோச்சாக விசில் ஊதிக்கொண்டிருக்கிறேன். இத்தனை வருடத்தில் என்னை யாரும் ஓட்டக்காரி என்று சொன்னதில்லை. ‘அந்த மருந்து டீமில் இருந்தவள்’ என்பார்கள். நான் செய்யாத தப்புக்கு நானும்தான் இதைச் சுமந்தேன். ஒரு படத்திலாவது ஓட்டக்காரியாக இருந்துவிட்டுப் போகிறேனே, முத்து. அதைக்கூடப் பொறுக்க மாட்டாயா?

யோகி


வண்டிப்பெரியாறு
25 ஜூன் 2025

யோகப்பிரியா,

‘நான் செய்யாத தப்பு’ என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் பாண்டித்துரைக்கு வாசித்துக் காட்டினேன். அவர் வெளியே போய் ஜீப்பைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். மழை பெய்துகொண்டிருந்தது.

நடந்தது உனக்கு மறந்திருந்தால் நான் எழுதுகிறேன். போட்டிக்கு வடக்கே ரயில் ஏறுவதற்கு முன்னால் முகாமில் கொஞ்சம் லீவு விட்டார்கள். மலைக்கு வந்துபோக எனக்கு நேரம் போதாது. எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பிக்கு வா என்று நீ கூப்பிட்டாய், வந்தேன். கோயிலில் கம்பம் நட்டிருந்தார்கள். உன் அம்மா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, எப்போது தலைக்குக் குளித்தாய் என்று விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தார். “கம்பம் நட்ட ஊரு கண்ணு. நடுவுல தூரமாயிட்டா ஊட்டுக்கு ஆகாது. இதைப் போட்டுக்கோ, நம்மூட்டுப் பொம்பளைங்க அத்தன பேரும் போடறதுதான்” என்று கையில் மாத்திரையும் சொம்பில் தண்ணீரும் கொடுத்தார். அன்பாகத்தான் கொடுத்தார். எஸ்டேட்காரப் பிள்ளை என்று என்னைத் தள்ளி வைக்காமல் மாவிளக்குத் தட்டை என் கையிலும் கொடுத்த வீடு அது. அந்த மரியாதைக்காகவே ஏன் எதற்கு என்று கேட்காமல் விழுங்கினேன். அதே அட்டையைக் கிழித்து அடுத்த மாத்திரையை உனக்குக் கொடுத்தார். நீயும் விழுங்கினாய். நோம்பி முடியும்வரை நாம் இரண்டு பேரும் ஒரே சொம்பில்தான் தண்ணீர் குடித்தோம்.

ஓட்டம் முடிந்ததும் ஜெயித்த நாலு பேரில் ஒருத்தியைப் பரிசோதனைக்குச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். என் பெயர் விழுந்தது. உன் பெயர் விழுந்திருந்தால் இன்றைக்குப் படத்தில் கரி பூசிய பெண்ணுக்கு வேலையே இல்லை.

காகிதம் எழுதிய அதிகாரி ஆண். பக்கத்தில் நின்ற நம் கோச் ஆண். கடைசியாக என்ன மருந்து சாப்பிட்டாய் என்று கேட்டார்கள். நாம் அந்த நாட்களில் கோச்சிடம் என்ன சொல்லி ஓய்வு கேட்போம்? தலைவலி என்போம். சுளுக்கு என்போம். அந்த வார்த்தை நம் வாயில் வந்ததே இல்லை. ‘ஒன்றும் இல்லை’ என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார். விசாரணையில் வாயைத் திறந்தபோது, அன்றைக்குச் சொல்லாதவள் இன்றைக்குக் கதை கட்டுகிறாள் என்றார்கள். நீ வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று உனக்கு ஆள்மேல் ஆள் அனுப்பினேன். நீ வரவில்லை.

இப்போது படத்தில் நீ வருகிறாயாம். கோச் நீட்டுகிற ஊசியைப் பிடுங்கிச் சுவரில் எறிகிறாயாம். கத்தரீனாள் போனில் சொன்னாள். பாவம், அவளுக்கு அணியில் மூன்றாவதாக ஓடியதைத் தவிர வேறு பாவம் தெரியாது. கடைசிச் சுற்றும் நீதான் ஓடுகிறாயாம். அவள் சிரித்தாள், நான் சிரிக்கவில்லை. கத்தரீனாள் நாலாவதாக வந்து என் கையில் பேட்டனைக் கொடுத்தாள். முன்னால் போன மூன்று பேரையும் ஒவ்வொருத்தியாகத் தாண்டியது நான். கோட்டைத் தொட்டபோது நீ முதலில் ஓடி வந்து என்னைத் தூக்கினாய்.

ஊசியை எனக்குக் கொடுத்துவிட்டு ஓட்டத்தை நீ எடுத்துக்கொண்டாய். அது மட்டும் திரையில் எடுபடுகிறதாக்கும்.

முத்துப்பேச்சி


எலப்புள்ளி
8 ஜூலை 2025

முத்து,

உன் கடிதத்தை அம்மா வீட்டில் இல்லாத நேரம் பார்த்துப் பிரித்தேன். இரண்டு தடவை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன்.

ஆள்மேல் ஆள் அனுப்பினாய் என்பது உண்மைதான். வந்தவர்களிடம் பேசியது என் அப்பா. அவர் எப்படிப்பட்டவர் என்று உனக்குத் தெரியும். “நாலு ஆம்பளைங்க உக்காந்திருக்கற எடத்துல எம்புள்ள அதையெல்லாம் பேசோணுமா? அப்பறம் நான் ஊருக்குள்ள தலை நிமிந்து நடக்கறதா வேண்டாமா?” என்று கேட்டார். எனக்கு அப்போது என்ன வயது? நான் வந்திருந்தாலும் நீ தப்பித்திருக்க மாட்டாய். நீயும் விழுங்கினாயா என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். இரண்டு பேரும் போயிருப்போம். அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. உனக்கு இருந்தால் சொல்லிக்கொள்.

கடைசிச் சுற்று விஷயத்தை நான் கேட்டு வாங்கவில்லை. கதாநாயகி கடைசியில் ஓடாமல் எப்படி என்றார்கள். நான் மறுக்கவும் இல்லை. நீ என்னை முழுக்க வெறுக்க வசதியாக இருக்கட்டும் என்று இதையும் எழுதுகிறேன்: எழுதியதை வாசித்துக் காட்டியபோது எனக்கு நன்றாக இருந்தது. நான் இரண்டாவதாக ஓடியவள். தொடர் ஓட்டத்தில் இரண்டாவதாக ஓடியவளை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

துணை இயக்குநர் ரிஞ்சுவிடம் உனக்காகப் பேசினேன். இளம் பையன், மரியாதை தெரிந்தவன். எல்லாம் கற்பனை என்று படத்தின் தொடக்கத்தில் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடப் பார்க்கிறேன் என்றான். ஊசியை எடுத்தால் இடைவேளையே இல்லாமல் போய்விடும் என்கிறான்.

பத்திரிகைக்காரர்களிடம் மட்டும் போய்விடாதே. படம் ஓடினால் இங்கே பஞ்சாயத்தில் என் பிள்ளைகளுக்கு ஒரு மைதானம் ஒதுக்குவதாகப் பேச்சு நடக்கிறது. என்னிடம் ஓடப் பழகும் பிள்ளைகள் இப்போது அறுத்த வயலில் ஓடுகிறார்கள்.

யோகி


வண்டிப்பெரியாறு
16 ஜூலை 2025

யோகப்பிரியா,

பத்திரிகைக்கும் போகவில்லை, கோர்ட்டுக்கும் போகவில்லை. பயப்படாதே. எனக்கு அதற்கெல்லாம் லீவும் கிடையாது, தெம்பும் கிடையாது. ஊசியையும் விட்டுவிடு. உங்கள் இடைவேளையை நான் ஏன் கெடுக்க வேண்டும்?

சோனா மழை விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தாள். உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நோம்பியிலிருந்து தடை வரைக்கும். கேட்டுவிட்டு எழுந்து போய்க் குழாயடியில் ஷூவைக் கழுவினாள். கழுவிக்கொண்டே கேட்டாள்: “மாத்திரைதான்னா, அந்த அத்தை ஏன் அப்பவே வந்து சொல்லல? இப்பவும் படத்துல ஏன் சொல்லல?” உன்னை அவள் அத்தை என்றுதான் சொல்வாள். நம் இரண்டு பேரின் பழைய போட்டோ இன்னும் சுவரில் இருக்கிறது. அதை வைத்து வந்த பழக்கம்.

அவளே சொன்னாள், “உன்னைய நம்பணும்னுதாம்மா இருக்கு” என்று. அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நம்புகிறவள் முகம் இல்லை, என்மேல் இரக்கப்படுகிறவள் முகம்.

ஹாஸ்டலில் அவள் நடந்து போகும்போது மற்றப் பிள்ளைகள் முழங்கை மடிப்பில் இரண்டு விரலால் தட்டிக் காட்டுகிறார்களாம். ஒரு பயிற்சியில் நேரம் கொஞ்சம் நன்றாக வந்ததும், வீட்டிலிருந்து வந்த மருந்து வேலை செய்கிறது என்று ஒருத்தி சொன்னாளாம். அவள் கோச் சும்மா சிரித்தாராம்.

எனக்கு இனி இந்த ஒன்றுதான் வேண்டும். நீ ஒருமுறை சோனாவை நேரில் பார்த்து, உன் வாயால் சொல். என் அம்மா கொடுத்த மாத்திரை, உன் அம்மாவும் விழுங்கினாள், நானும் விழுங்கினேன் என்று சொல். உலகத்துக்கு வேண்டாம், அவளுக்குச் சொன்னால் போதும். மலை ஏற மனமில்லாவிட்டால் ஹாஸ்டலுக்கே போ. முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் பார்க்க விடுவார்கள். வார்டனிடம் அத்தை என்று சொன்னால் உள்ளே அனுப்பச் சொல்லி வைத்திருக்கிறேன்.

முத்துப்பேச்சி


எலப்புள்ளி
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள முத்து,

வர வேண்டும் என்றுதான் இருந்தேன். படத்தை விளம்பரப்படுத்த என்னை ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். கல்லூரி கல்லூரியாகப் பேச வேண்டியிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பினேன் என்றால் நம்புவாயா? அவள் முன்னால் நின்று என்ன சொல்ல ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எனக்கும் ஒரு மகள் இருந்திருந்தால் தெரிந்திருக்குமோ என்னவோ.

ஆனால் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறேன். சோனாவைப் பற்றி ரிஞ்சுவிடம் சொன்னேன். இயக்குநர் வரைக்கும் போய்விட்டது. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, இன்றைய தலைமுறை ஓட்டக்காரிகள் என்று சில பிள்ளைகளைக் காட்டப் போகிறார்கள். அதில் சோனாவும் ஓடட்டும் என்கிறார். யோசித்துப் பார், தியேட்டர் முழுக்க அவளுக்குக் கை தட்டும். விரலால் தட்டிக் காட்டியவர்கள் வாய் மூடிப்போகும். உன்னையும் பாராட்டு விழா மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்த ஆசைப்படுகிறார்கள். பழையதை எல்லாம் அதோடு முடித்துக்கொள்ளலாம்.

கோபத்தில் வேண்டாம் என்று சொல்லிவிடாதே.

யோகி


வண்டிப்பெரியாறு
14 ஆகஸ்ட் 2025

யோகப்பிரியா,

நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் அவர்கள் போய்விட்டார்கள்.

உன் கடிதம் எனக்கு வந்தது செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையே ரிஞ்சு கேமராவோடு ஹாஸ்டலில் நின்றிருக்கிறான். வார்டனிடம் அத்தை அனுப்பினார் என்று சொல்லியிருக்கிறான். நான் சொல்லி வைத்திருந்தேனே, அதனால் உள்ளே விட்டிருக்கிறார்கள். அந்த முகவரியை உண்மையைச் சொல்வதற்காக உனக்குக் கொடுத்தேன். என் குரலைக் கொடுத்தது போலவே அதையும் எடுத்துக் கொடுத்துவிட்டாய்.

எல்லாப் பிள்ளைகளும் பார்க்க அவளை ஓடச் சொன்னார்களாம். ஓடினாள். பெரியவர்கள் சொன்னால் மறுக்கத் தெரியாமல் வளர்த்துவிட்டேன், என்னை வளர்த்தது போலவே. ஓடி முடித்ததும் கேமராவைப் பார்த்து, ‘அம்மா செய்த தவறை நான் செய்ய மாட்டேன்’ என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். அதைத்தான் சொல்லாமல் ஓடிப்போய் அறையில் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இது உனக்குத் தெரியாது என்று எழுதுவாய். எழுதாதே. உனக்கு எப்போதுமே எதுவும் தெரியாது.

முத்துப்பேச்சி


எலப்புள்ளி
29 செப்டம்பர் 2025

முத்து,

நீ பதில் போடாவிட்டாலும் நான் எழுதியாக வேண்டும்.

படம் ஓடுகிறது. நீ பார்த்திருக்க மாட்டாய். நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஊசி போடுகிற காட்சி வந்ததும் அம்மா கொட்டகை முழுக்கக் கேட்கும்படி என்னிடம் கேட்டார்: “ஏம்புள்ள, ஊசி எங்கிருந்து வந்துச்சு? நாந்தானே மாத்திரை குடுத்தேன்?” முன்னால் இருந்தவர்கள் திரும்பி உஸ் என்றார்கள். அம்மா அடங்கவில்லை. “அந்தப் புள்ள மாவெளக்கு எடுத்துதே, அதையேன் காட்டல?” என்றார். மாத்திரையால்தான் உனக்குத் தடை வந்தது என்பது இத்தனை நாள் அவருக்குத் தெரியாது, முத்து. அவருக்குத் தெரியும் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய். அப்பா அதை அவரிடம் சொல்லவே இல்லை. நானும் சொல்லவில்லை. படத்துக்குப் புறப்படும்போதுதான் சொன்னேன். நோம்பி வந்தால் கோயிலுக்குப் போக மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறார்.

போன வாரம் கொல்லங்கோட்டில் பாராட்டு விழா. மைக்கைக் கொடுத்தார்கள். நான் சொல்லிவிட்டேன். என் தோழி ஊசி போடவில்லை, எங்கள் வீட்டு நோம்பிக்காக என் அம்மா கொடுத்த மாத்திரையைத்தான் சாப்பிட்டாள் என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். தொகுப்பாளர் சிரித்துக்கொண்டே, ஆஹா, இரண்டாம் பாகத்துக்குக் கதை கிடைத்துவிட்டது என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். பாட்டுப் போட்டார்கள். வீடியோவில் அந்த இடத்தை வெட்டிவிட்டார்கள். ஆனாலும் நான் சொன்னேன். மேடையில் ஏறிச் சொன்னேன்.

இதைச் சோனாவிடம் சொல்வாயா?

யோகி


வண்டிப்பெரியாறு
17 நவம்பர் 2025

யோகப்பிரியா,

படம் பார்த்தேன். பாண்டித்துரை வேண்டாம் என்றார். கட்டப்பனைக்கு யாருக்கும் சொல்லாமல் பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். கடைசிச் சுற்று நன்றாக எடுத்திருக்கிறார்கள். அந்த நடிகை வளைவில் தோளை இறக்கி ஓடுகிறாள். அது என் வழக்கம், நீ தோளை இறக்கமாட்டாய். நீதான் சொல்லிக் கொடுத்திருப்பாய். எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். பழக்கதோஷத்தில் நானும் எழுந்துவிட்டேன்.

உன் அம்மாவை நினைத்தால் மட்டும் வருத்தமாக இருக்கிறது. அவருக்குத் தெரியும் என்றுதான் இத்தனை வருடம் அவர்மேலும் கோபமாக இருந்தேன். கோயிலுக்குப் போகச் சொல். கொடுத்தவர் மேல் குற்றம் இல்லை.

நீ மேடையில் சொன்னதைச் சோனாவிடம் சொன்னேன். வீடியோ எங்கே என்று கேட்டாள். வெட்டிவிட்டார்கள் என்றேன். சரிம்மா என்றாள். அப்புறம் உன் கடிதத்தையே கொடுத்தேன். வாசித்துவிட்டு, நான் பார்க்காமல் விட்டதை அவள் பார்த்துவிட்டாள். “அத்தையும் முழுங்குனதை இதுல எழுதலியேம்மா” என்றாள். உண்மைதான். உன் தோழி சாப்பிட்டாள் என்று சொல்லியிருக்கிறாய். நீயும் சாப்பிட்டாய் என்று சொல்லவில்லை. அத்தனை பேர் முன்னாலும் அதை மட்டும் கவனமாக விட்டிருக்கிறாய்.

இனி நடந்ததைக் கேள். போன வாரம் மாநில அளவில் ஜூனியர் போட்டி. நானும் பாண்டித்துரையும் போயிருந்தோம். பரிசோதனைக்காரர்கள் வந்திருந்தார்கள். முதல் மூன்று இடத்தில் வருகிறவர்களைக் கூப்பிடுவார்கள் என்று பிள்ளைகளிடம் காலையிலேயே சொல்லிவிட்டார்களாம். சோனாவுக்கு நானூறு மீட்டர் இறுதிச் சுற்று. கடைசி வளைவு திரும்பும்போது அவள்தான் முதலில். பின்னால் வந்தவளுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு ஜீப்பை நிறுத்தலாம். பாண்டித்துரை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நேர்ப்பாதைக்கு வந்ததும் அவள் ஒருமுறை பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் ஒருத்தி தாண்டினாள். இன்னொருத்தி தாண்டினாள். மூன்றாவது பெண்ணுக்குச் சக்தியே இல்லை, தள்ளாடிக்கொண்டு வந்தாள். அவளும் போகும்வரை சோனா காத்திருந்தாள். அப்புறம்தான் கோட்டைத் தாண்டினாள்.

கால் பிடித்துக்கொண்டது என்று அவள் கோச்சிடம் சொன்னாள். எனக்குத் தெரியாதா? கால் பிடித்தவள் ஓடும் ஓட்டம் அது இல்லை. பக்கத்தில் போனதும் அவளே சொன்னாள்: “நாலாவதா வந்தா யாரும் நம்மளக் கூப்பிட மாட்டாங்கம்மா.” சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டாள். மூச்சுகூட வாங்கவில்லை அவளுக்கு.

நான் நாலாவதாகப் பேட்டனை வாங்கி மூன்று பேரைத் தாண்டினவள். இந்தக் கடிதத்தை உன் இயக்குநரிடம் தாராளமாகக் காட்டு. தமிழ் தெரிந்த யாரையாவது வைத்து வாசிக்கச் சொல். முதலில் வந்துகொண்டிருந்தவள் மூன்று பேருக்கு வழிவிட்டு நாலாவதாக வருவது திரையில் எடுபடுமா என்று அவர் சொல்லட்டும்.

முத்துப்பேச்சி